கதவைச் சாத்தும் கடைசிக் கோடு

பெரிய சதுரம் ஒன்று. அதன் நடுவில் சின்னச் சதுரம் ஒன்று. இதைப் போய் எழுத்து என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால், ஜன்னல் படம் போடச் சொன்னேனா என்று வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.

"சீன பாஷையிலே இதுக்குத் திரும்பி வரதுன்னு அர்த்தமாம்," என்றார் சுப்புலக்ஷ்மி. "இப்போதாக்கும் வந்தது. ஜானவி போட்டிருக்கா. அப்போ அவ எங்கேயோ நன்னா இருக்கான்னுதானே அர்த்தம், அக்கா?"

அக்கா என்று அவர் கூப்பிட்டது என் முதலாளி சீதாலக்ஷ்மியை. மலையாளம் பேசும் இந்த ஊரில், வலியசாலையில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். பேச்சில் நிதானம், கார் ஓட்டுவதில் மட்டும் கொலைவெறி. அந்த நிறுவனத்தின் மற்றொரு பாதி நான், வேலாயுதன். நாகர்கோவில்காரன். சம்பளம் முன்னே பின்னே வரும். திட்டு மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

சீதா மேடம் போனை வாங்கிப் பார்த்தார்.

கரமனை அக்ரஹாரத்தில் இருந்த அந்த வீட்டின் ஒரே பெண் ஜானவி. வயது இருபத்து நான்கு. மூன்று வருஷம் விழுந்து விழுந்து சீனம் படித்து, தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் விமானம். ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனவள் திரும்பவில்லை. 'நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம்' என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. தினமும் சாயங்காலம் அவளுடைய சீன வகுப்புக் குழுவில் ஒரு எழுத்து மட்டும் வந்து விழுகிறது; அம்மாவும் அந்தக் குழுவில் உண்டு. இன்று புதன்கிழமை ஆகிவிட்டது.

அந்த வகுப்புக்கென்று ஒரு ஆப் உண்டு. திரையில் விரலால் எழுத வேண்டும். தப்பாக எழுதினாலும் குழுவில் போய் விழும். எழுதிப் போட்டுவிட்டால், விரல் எந்தக் கோட்டை முதலில் இழுத்தது, எதைப் பிறகு இழுத்தது என்று மற்றவர்கள் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். சீன எழுத்தில் உருவம் சரியாக வந்தால் போதாதாம். கோடுகளின் வரிசையும் சரியாக இருக்க வேண்டுமாம்.

பின்கட்டிலிருந்து ஜானவியின் அப்பா பட்டாபி, ஈரக் கைகளைத் துண்டில் துடைத்தபடி வந்தார். தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாளாகக் காலையில் கிளம்பி, பெண்ணைத் தேடி ஊர் ஊராக அலைந்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்புகிறார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

"வந்துடுத்தா இன்னிக்கும்? நான்தான் சொன்னேனே, சுப்பு. குழந்தை பத்திரமா இருக்கா," என்றார். பிறகு சீதா மேடம் பக்கம் திரும்பினார். "போலீசுக்குப் போகலாம்னு இவ சொல்றா. போனா தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். அந்த ஆதர்ஷ் பய கூடத்தான் போயிருப்பா. கோபம் தணிஞ்சா தானே வருவா."

ஆதர்ஷ் என்பவன் ஜானவியோடு சீனம் படிப்பவன்.

"நாளைக்கு எங்கே தேடப் போறேள்?" என்றார் சீதா மேடம்.

"வர்க்கலைப் பக்கம் போலாம்னு இருக்கேன். சுப்பு, சாப்பாடு கொஞ்சம் கூடவே கட்டு. அலைச்சல்லே பசிக்கறது." நான் மேஜை மேல் கிடந்த தமிழ்ப் பேப்பரைப் புரட்டுவதைப் பார்த்து அவர் முகம் லேசாக மலர்ந்தது. "எடுத்துக்கோங்கோ, ஐயா. இந்த ஊர்லே அதைப் படிக்க ஆள் கிடைக்கறதே அபூர்வம்." சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்தார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. சுப்புலக்ஷ்மி போனில் அந்த ஜன்னலை நானும் எழுதிப் பார்த்தேன். திரை சிவந்து, தப்பு என்றது. திரும்ப எழுதினேன். திரும்பத் தப்பு.

"சதுரம் போடுறதுல என்னவே தப்பு இருக்கு? நாலு பக்கமும் இருக்குல்லா?" என்று போனிடமே கேட்டேன்.

"எடோ வேலாயுதா, இன்னொரு தடவை எழுது. மெதுவா," என்றார் சீதா மேடம்.

எழுதினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுப்புலக்ஷ்மியை எழுதச் சொன்னார். அவர் கையெடுக்காமல் ஒரே சுற்றாகச் சுற்றினார். மேடமும் ஒரு முறை எழுதினார். அவருடையதும் ஒரே சுற்றுதான். எல்லாமே தப்பு என்றது ஆப். அதன் பிறகு ஜானவி போட்டதை ஓட்டிப் பார்த்தார். போன வாரம் அவள் போட்ட, சதுரம் வரும் வேறொரு எழுத்தைத் தேடி எடுத்து அதையும் ஓட்டிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாங்க வரோம், சுப்பு. தைரியமா இரு," என்றார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்ன மேடம், பேயறைஞ்சது கணக்கா இருக்கியோ?"

"போன வாரம் ஜானவி போட்ட சதுரத்துக்கும் இன்னிக்கு வந்ததுக்கும் வித்தியாசம் பாத்தியோ?"

"ரெண்டும் ஜன்னல்தான்."

"அவ எழுதறச்சே முதல்லே இடது சுவர். அப்புறம் கூரையும் வலது சுவரும் ஒரே இழுப்பு. உள்ளே என்ன உண்டோ அதை எழுதிட்டு, கடைசியா அடியிலே ஒரு கோடு. வீட்டுக்குள்ளே ஆள் போனப்புறம் கதவைச் சாத்தற மாதிரி. அதாக்கும் சரியான வரிசை. இன்னிக்கு வந்ததிலே நாலு பக்கமும் முதல்லேயே சாத்தியாச்சு. அப்புறம்தான் சின்னச் சதுரம் உள்ளே போறது."

"பூட்டின வீட்டுக்குள்ள ஆளைத் தள்ளுன மாதிரி," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எழுதினது ஜானவி இல்லை, வேலாயுதா. அவ போன் வேற யார் கையிலேயோ இருக்கு. அவ உயிரோட இருக்காளான்னே நமக்குத் தெரியாது."

கரமனைப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"இன்னொண்ணும் உண்டு," என்றார் மேடம். "இன்னிக்கு எழுதின விரல் எப்படிப் போச்சு தெரியுமா? நீ எழுதினியே, அச்சு அசலா அப்படியே."

"ஐயோ மேடம், ஞாயித்துக்கிழமை நான் எங்க அத்தான் வீட்டுக் காதுகுத்துல பந்தி வெளம்பிட்டிருந்தேன். போட்டோ இருக்கு."

"உன்னைச் சொல்லலை. இடத்தே கீழே இறங்கி, வலத்தே போய், அங்கேயிருந்து மேலே ஏறி நிறுத்தறே. அப்புறம் மேலே மூடி. மூடி இல்லேன்னா அது என்ன எழுத்து?"

கார்க் கண்ணாடியில் விரலால் எழுதிப் பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ப," என்றேன். "சதுரம்னு நெனச்சு ப எழுதி, மூடி போட்டிருக்கேன்."

"அதேதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலே கை பழகினவாளுக்கு சதுரம்னா விரல் தானா அந்த வழி போறது. நானும் சுப்புவும் இங்கேயே பிறந்து மலையாளம் படிச்சவா. எங்க கை உருட்டும், நிறுத்தாது. இந்த ஊர்லே தமிழ் பேசறவா எத்தனையோ பேர் உண்டு. தமிழ் எழுதறவா எத்தனை பேர், சொல்லு."

"கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க, மேடம்."

"கோர்ட்டுக்கு வேண்டாம். நமக்குப் போதும்."

ஆதர்ஷை அலுவலகத்துக்கு வரவழைத்தோம். ஒல்லியான பையன். தாடி ட்ரிம் பண்ணி நாலு நாள் ஆகியிருக்கும். ஜானவியின் பெயரைச் சொன்னதுமே கண் கலங்கிவிட்டது. மேடம் அவன் முன்னால் போனை வைத்து, அந்த ஜன்னல் எழுத்தை எழுதச் சொன்னார். இடது சுவர், கூரை, உள்ளே சின்னச் சதுரம், கடைசியில் அடிக்கோடு. ஆப் பச்சையாகச் சிரித்தது.

நான் என் பையிலிருந்த தமிழ்ப் பேப்பரை நீட்டினேன். "தலைப்பைப் படி பாப்போம்."

"சார், நான் தமிழ் சம்சாரிக்கும், அத்ரேயுள்ளூ. வாயிக்கத் தெரியாது. ஸ்கூல்ல மலையாளமாணு," என்றான். தமிழ் பேசத் தெரியுமாம், படிக்கத் தெரியாதாம். "என்னைச் சந்தேகப்படறீங்களா? அவ போறது எனக்கும் சங்கடம்தான். ஆனா அவ போகணும்னு அவளைவிட நான்தான் பிரார்த்திச்சேன். சத்யமாயிட்டு."

"உங்க வீட்டிலே தமிழ் எழுதத் தெரிஞ்சவா யார்?" என்றார் மேடம்.

அவன் தயங்கினான். "அப்பா. திருநெல்வேலிலதான் படிச்சாங்க."

ஆதர்ஷின் அப்பா பிச்சையா, சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. மகன் ஒரு அக்ரஹாரத்துப் பெண்ணோடு சுற்றுவதைத் தாங்காமல், இரண்டு வாரம் முன்பு ஜானவியை நடுத்தெருவில் நிறுத்திக் கத்தியிருக்கிறார். நெடுமங்காட்டில் அவருக்கு ஒரு கிடங்கு உண்டு. பூட்டிய கிடங்கு. எனக்கு வேறு என்ன வேண்டும்? இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன்.

"உக்காரு," என்றார் மேடம். "சட்டையைப் பிடிச்சா அவர் வாயை மூடிப்பார். அந்தப் பொண்ணு எங்கேன்னு யார் சொல்லுவா? அவரே நம்மைக் கூட்டிண்டு போகணும்."

சீன வகுப்பு எடுக்கும் ஆசிரியை பத்மப்ரியா சென்னையில் இருந்தார். ஆதர்ஷ் போன் போட்டுக் கொடுக்க, மேடம் அவரோடு நெடுநேரம் பேசினார். ஆதர்ஷ் என் போனிலும் அந்தக் குழுவைச் சேர்த்துக் கொடுத்தான். மறுநாள் விடியும்போது குழுவில் ஆசிரியையின் குறிப்பு கிடந்தது. 'ஜானவி, உன் கோட்டு வரிசை எல்லாம் தப்பு. எழுதுவது நீதானா என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் உனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்த ஆமை எழுத்தை இன்று மதியத்துக்குள் எழுதிப் போடு. வராவிட்டால் போலீசில் சொல்லிவிடுவேன்.'

ஆமை என்பதற்குப் பழைய சீன எழுத்து எப்படி இருக்கும் என்று பார்த்தேன். கோட்டின் மேல் கோடு, கோட்டுக்குள் கோடு. அதை எழுதுவதற்குப் பதில் ஆமையையே வளர்க்கலாம்.

"பாடத்திலே இல்லாத எழுத்து இது," என்றார் மேடம். "வரிசை தெரிஞ்சவ ஜானவி ஒருத்திதான். போன் வெச்சிருக்கறவன் அவகிட்டே போய்த்தான் ஆகணும். போனை அவ கையிலே குடுத்துத்தான் ஆகணும்."

"இன்டர்நெட்ல தேடி எடுத்துட்டான்னா?"

"தேடத் தெரிஞ்சவன் சதுரத்தையே ஒழுங்கா எழுதியிருப்பான்."

"சரி. அவ உயிரோட இல்லேன்னா?"

மேடம் கார்ச் சாவியை எடுத்தார். "ஆமை வராது," என்றார்.

சாலைக் கடைத்தெருவில் பிச்சையாவின் கடைக்கு எதிரே ஒரு டீக்கடையில் நான் உட்கார்ந்தேன். அவர் கிளம்பினால் பின்னாலேயே போக ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். மேடம் கரமனையில் சுப்புலக்ஷ்மியோடு இருந்தார்.

பிச்சையா கிளம்புகிற வழியாக இல்லை. வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, இரண்டு கையாலும் மூட்டைக்குள் வற்றலை அள்ளி அள்ளிப் பார்ப்பதும், ஆட்களை ஏசுவதுமாக இருந்தார். என் தொண்டையில் மிளகாய் நெடி. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆமை வரவில்லை. மூன்றாவது டீ ஆறிப்போனது. அந்தப் பெண்ணை நான் பார்த்தது கூடக் கிடையாது. ஆனாலும் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிச்சையா நேராக என்னிடம் வந்தார்.

"என்னவே, காலையிலேருந்து என் கடையவே பாத்துக்கிட்டு இருக்கீரு. வத்தல் வாங்க வந்தீரா, வேவு பாக்க வந்தீரா?"

பொய் சொல்லிப் பயனில்லை. "ஜானவியைக் காணலை, அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "காங்கலியா? எந்தப் பிள்ளை, எம்மவன்கூடப் படிக்கவளா? ஏசுனேன், இல்லைங்கல. அதுக்காவ அது நல்லா இருக்கக்கூடாதுன்னா நெனப்பேன்? எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்குவே."

அப்போது என் போன் சிணுங்கியது. குழுவில் ஒரு எழுத்து. ஜானவி பெயரில். ஓட்டிப் பார்த்தேன். கோடு கோடாக, தயங்காமல், ஆமை எழுந்து வந்தது. அடுத்த நிமிஷமே ஆதர்ஷ் கூப்பிட்டான். "சார், டீச்சர் சொல்லியாச்சு. வரிசை பக்கா. அது ஜானவிதன்னே."

அவள் உயிரோடு இருக்கிறாள். அந்த டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷம் பாதி மூச்சு வரைதான் நின்றது. பிச்சையாவின் இரண்டு கைகளும் என் கண் முன்னால் மிளகாய்த் தூளோடு இருந்தன. சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது ஒரு பழைய பித்தான் போன். இவர் இல்லை. இவர் காலையிலிருந்து இந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

வேறு யாரோ ஒருவன் ஜானவியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

மேடத்தைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். "பிச்சையா இல்லைன்னு சொல்லப் போறே. தெரியும். கிழக்கேகோட்டை முக்குக்கு வா. நான் வண்டியை எடுத்தாச்சு."

கார் முழுதாக நிற்பதற்குள் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் சுப்புலக்ஷ்மி இருந்தார். வண்டி பேரூர்க்கடை தாண்டி மலைப் பக்கம் போனது.

"ஒண்ணு யோசிச்சேன், வேலாயுதா," என்றார் மேடம், முன்னால் போன பஸ்ஸை உரசாத குறையாக முந்திக்கொண்டு. "ஒரு பொண்ணைக் கடத்தினவன் அவ போனை என்ன பண்ணுவான்?"

"ஆத்துல எறிவான்."

"இவன் எறியலை. தினமும் உக்காந்து, தெரியாத பாஷையிலே, தப்பும் தவறுமா எழுதிப் போடறான். எதுக்கு? நம்மகிட்டேயா பணம் கேட்டான்? மிரட்டினானா? அந்த எழுத்தைத் தினமும் காத்துண்டிருந்து பாக்கறது யார்?"

நான் திரும்பிப் பார்த்தேன். சுப்புலக்ஷ்மி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ அழப்படாதுன்னு நினைக்கிற ஒருத்தன்," என்றார் மேடம். "இவ போலீசுக்குப் போகப்படாதுன்னு நினைக்கிற ஒருத்தன். நேத்திக்கு அங்கேயே அவரையும் எழுதச் சொல்லிப் பாத்திருக்கணும். சந்தி பண்றவரை எப்படிக் கூப்பிடறதுன்னு விட்டுட்டேன். பொண்ணைத் தொலைச்சவர்ங்கற இரக்கம் வேற கண்ணை மறைச்சுடுத்து." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சுப்பு, நாலு நாளா அவருக்கு எவ்வளவு சாப்பாடு கட்டறே?"

சுப்புலக்ஷ்மி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"ரெண்டு பேருக்கு," என்றார் சுப்புலக்ஷ்மி. "நேத்திக்குப் புளியோதரை கேட்டார். அவருக்குப் புளியோதரை ஆகாது, அக்கா. ஜானவிக்காக்கும் பிடிக்கும். எனக்கு ஏன் தோணலை?"

நேற்று பேப்பரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது மலர்ந்த அந்த மனுஷனின் முகம் என் கண்ணில் வந்து நின்றது. எனக்கும்தானே தோணவில்லை?

"அவர் தஞ்சாவூர்லே படிச்சவர். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இங்கே வந்தார்," என்றார் சுப்புலக்ஷ்மி. "இன்னிக்குக் காலம்பற அந்த டீச்சர் போட்டதைப் பாத்துட்டு, காபி கூடக் குடிக்காம, கட்டின சாப்பாட்டை மட்டும் எடுத்துண்டு கிளம்பிப் போனார். நேரா பொன்முடிக்குப் போங்கோ, மலை மேலே. எஸ்டேட்டிலே அவரோட பழைய குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியா கிடக்கு. சாவி அவர்கிட்டேதான்."

கல்லாறு தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. மேடம் ஹாரனை அமுக்கியபடியே ஏறினார். எதிரே ஒரு பஸ் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே போகப் போக மூட்டம் இறங்கிக் கண்ணாடியை மறைத்தது. ஜானவி எழுதி முடித்துவிட்டாள். இனி அவள் அவருக்குத் தேவையா இல்லையா? பெற்ற தகப்பன்தான். ஆனால் பயந்துபோன மனுஷன் என்ன செய்வான் என்று யார் கண்டது?

தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் தனியாக ஒரு ஓட்டு வீடு. வாசலில் நின்ற காவல்காரர் எங்களைத் தடுத்தார். "ஆ மோளுக்கு மனசுக்கு சுகமில்லா. ஆரையும் காட்டருதெந்து சார் பறஞ்ஞு." பெண்ணுக்கு மனசு சரியில்லை, யாருக்கும் காட்டாதே என்று பட்டாபி சொல்லி வைத்திருக்கிறார்.

"நான் அவளோட அம்மா," என்றார் சுப்புலக்ஷ்மி. காவல்காரர் விலகிவிட்டார்.

வாசற்படியில் பட்டாபி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு அடுக்கு, திறக்காமல். அவருக்குப் பின்னால் கதவு, வெளியே பூட்டு. மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பிளேன் போனதும் நானே அழைச்சுண்டு வந்திருப்பேன்," என்றார். "ஒரே ஒரு பொண்ணு, சுப்பு. போனா வரமாட்டா. இங்கேயிருந்து போன யார் வந்திருக்கா, சொல்லு. ஒரு நாள் தள்ளிப்போனா யூனிவர்சிட்டிக்காராளே இடம் இல்லேன்னுடுவா. நான் அவளை அடிக்கலை, வையலை. பட்டினி போடலை."

"பூட்டி வெச்சிருக்கேள்," என்றார் சீதா மேடம்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுப்புலக்ஷ்மியையே பார்த்தார். "நீ ஒரு நாள் கூடக் கவலைப்படாம பாத்துண்டேன். பின்கட்டிலே நின்னுண்டு எழுதி எழுதிப் பழகினேன். விரலே வணங்கலை."

எனக்கு ரத்தம் கொதித்தது. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று ஒரு அடி முன்னால் எடுத்தேன். சுப்புலக்ஷ்மி கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டு, கணவர் முன்னால் போய் நின்றார்.

"தினமும் விளக்கேத்தினதும் அந்த எழுத்தைக் கண்ணிலே ஒத்திண்டேன்," என்றார். "என் குழந்தை விரல் பட்டதாச்சேன்னு. அது உங்க விரலா?"

பட்டாபியின் கை சாவி இருந்த இடுப்புக்குப் போனது.

"சாவி," என்றார் சுப்புலக்ஷ்மி.

அவர் கொடுத்தார். நான் வாங்கித் திறந்தேன்.

உள்ளே சுவரோரம் நின்றிருந்தாள் ஜானவி. ஒட்டிப்போன முகம், நாலு நாள் சுடிதார். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்டீ. நாளைக்காக்கும் பிளேன்."

அப்போதுதான் அழுதாள். அழுகையோடே நடந்து வாசலுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். "பஸ் ஸ்டாண்டிலே என்னைப் பாத்து, எஸ்டேட்டிலே இருக்கற பழைய சிநேகிதாகிட்டேயும் சொல்லிண்டு வரலாம்னேள். நம்பி வந்தேன்," என்றாள். "பாஸ்போர்ட்டைக் குடுங்கோப்பா."

பட்டாபி சட்டைக்குள்ளிருந்து அதை எடுத்தார். அவர் உடம்புச் சூடு அதில் இருந்திருக்கும். அவள் அதை வாங்கி, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தாள். சீதா மேடம் ஏற்கெனவே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். போலீசுக்குப் போவதா என்று நான் கண்ணால் கேட்டேன். அதை அம்மாவும் பெண்ணும் முடிவு பண்ணட்டும் என்று தலையை ஆட்டினார்.

கார் வரை பின்னாலேயே வந்தார் பட்டாபி. சுப்புலக்ஷ்மி ஏறிக்கொண்டதும் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"காலம்பற ஏர்போர்ட்டுக்கு நானும் வரட்டுமா?"

சுப்புலக்ஷ்மி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தை நான் எதிர்பார்த்தேன். கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேண்டாம்," என்றார். "அங்கே போய்ச் சேந்ததும் அவ எழுதுவா. வந்தா நான் உங்களுக்குக் காட்டறேன்."

கண்ணாடியை ஏற்றினார். மேடம் வண்டியை எடுத்தார். முதல் வளைவில் நான் திரும்பிப் பார்த்தபோது, சாப்பாட்டு அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து அவர் நடக்க ஆரம்பித்திருந்தார்.